ஐந்தாம் எழுத்தின் மேல் ஒரு கோடு

குறுக்குக் கோடு போடாமல் கல்பனா பூஜ்யம் எழுதுவதில்லை. ஆந்திரத்தின் புத்தூரை அடுத்த எல்லைக் கிராமத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்து பத்தாம் வகுப்புவரை படித்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக மகளிர் குழுவின் வங்கிப் படிவங்களை எழுதி வருகிறார். ஒருமுறை பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' என்று எவரோ வாசித்ததால் குழுவின் பணம் ஒரு மாதம் அலைந்தது. அன்று பழகிய கோடு அது.

அவருடைய கணவர் ஆதிநாராயணன் மஸ்கட்டில் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். வேலைக்கு அழைத்துச் சென்ற கம்பெனி கைகழுவிவிட்டது. மருத்துவமனைக்குப் பணம் சேர்ந்தால்தான் அவரை வெளியே விடுவார்கள். உடன் வேலை செய்தவர்கள் பன்னிரண்டாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். மருத்துவமனை செல்போனில் அனுப்பிய ஸ்விஃப்ட் கோடு, அதாவது அதன் வெளிநாட்டு வங்கியின் அடையாளக் குறியீடு, பதினோரு எழுத்து. கல்பனா அதைக் கறுப்பு மையில் எழுதி, செல்போனோடு மூன்று முறை ஒப்பிட்டு, ஒன்றாம் தேதி வங்கியில் கொடுத்தார்.

பத்தாம் தேதி பணம் திரும்பி வந்தது.

"கோடு தப்பும்மா," என்றார் அதிகாரி சுரேஷ்பாபு, தலை நிமிராமல். "வெளிநாட்டுக்கு அனுப்புற திருப்பதி ஆபீஸ்லயே நிறுத்திட்டாங்க."

"ரெண்டு நாள்ல போவும்னீங்களே சார். அங்க மனுசன் காலைக் கட்டிக்கினு படுத்துனு கீறாரு."

"படிச்சவங்க யாரையாவது வெச்சு எழுதிக்கினு வரலாமில்ல?"

கல்பனா கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. "அந்த பாரத்தை எடுங்க."

"அது ஆபீஸ் பேப்பரும்மா."

"என் கையெழுத்து கீது அதுல. எடுங்க."

பின்னால் வரிசை நீண்டது. அரை மணி நேரம் கழித்துப் படிவம் வந்தது. ஐந்தாம் எழுத்தான 'ஓ'வின் குறுக்கே நீல மையில் ஒரு கோடு. சுரேஷ்பாபுவின் சட்டைப் பையில் இருந்ததும் நீலப் பேனா.

"கோடு தப்புன்னீங்க. நெசந்தான் சார். ஆனா அது நான் போட்ட கோடு இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அஞ்சாவது எடத்துல எப்பவும் சுன்னாதானேம்மா வரும்..."

"நம்ம ஊரு பேங்குக்கு. இது ஓமன். இந்த கோடுல அந்த எடத்துல நாட்டுப் பேரு வரும், அது ஓ-லதான் ஆரம்பிக்குது."

உள்ளூர் வங்கிக் குறியீட்டில் ஐந்தாம் இடம் எப்போதும் பூஜ்யம் என்பது கல்பனாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் மூன்று முறை ஒப்பிட்டார். சுரேஷ்பாபுவோ ஒருமுறைகூடப் பார்க்காமல் திருத்தினார்.

"சரி, வேற பாரம் எழுதிக் குடுங்க."

"நீங்க எழுதுங்க சார். படிச்சவங்கதானே."

அவர் எழுதினார். கல்பனா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். ஐந்தாவதில் நிறுத்தி, "ஓ. கோடு போடாதீங்க," என்றார்.

பணம் பதின்மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தது. விமானம் முந்தின நாளே போய்விட்டது. ஆதிநாராயணன் மேலும் பதினாறு நாள் அங்கேயே கிடந்தார். வங்கியில் எவரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இன்றும் குழுவின் படிவங்களை அதே கவுன்ட்டரில்தான் கொடுக்கிறார் கல்பனா. கொடுக்கும் முன், சுரேஷ்பாபுவின் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடிக்கிறார்.

"எம்மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"இல்ல சார்," என்று சொல்லி, அடுத்த படிவத்தைப் படம் எடுத்தார்.