பத்துக்கு எத்தனை

நாங்கள் மூன்று பேர். நான் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அக்கா, என் ஊரான வல்லத்திராக்கோட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். கூடப் பிறந்தவள் இல்லை, எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருப்பவள். அண்ணன், கோட்டைப்பட்டினத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் மேனேஜர். அவரும் எனக்கு உறவில்லை. பாட்டுத்தான் எங்களை உறவாக்கியது.

அண்ணன் தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் எங்கள் கடைக்கு வருவார். மத்தியானம் கூட்டம் குறைந்தால் நான் போனில் மெதுவாகப் பாட்டு ஓடவிட்டிருப்பேன். ஒரு நாள் பில்லுக்குக் காத்திருந்தவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"இதே ஆளு பாடுனதுல இதவிட நல்லதா ஒண்ணு இருக்கு தங்கச்சி. அனுப்பட்டா?" என்றார்.

அனுப்பினார். அதை நான் அக்காவுக்குத் தள்ளிவிட்டேன். மெஷினை மிதித்தபடி நாள் முழுக்க இயர்போனில் பாட்டுக் கேட்பவள் அவள். சாயங்காலம் பதில் வந்தது: "பத்துக்கு அஞ்சு. பல்லவி கச்சிதம். சரணத்துல கை லூசா இருக்கு."

அடுத்த மாதம் அண்ணன் வந்தபோது அதைக் காட்டினேன். மாத்திரைப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாரு இவுக? நான் உசுரா வச்சிருக்கிற பாட்டுக்கு அஞ்சு போட்டிருக்காக! அவுக அனுப்பட்டும், நான் போடுறேன் மார்க்கு."

அப்படித்தான் வாட்ஸப்பில் எங்கள் குழு தொடங்கியது. காலையில் ஒருவர் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் மற்ற இருவரும் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். 'சூப்பர்' என்பது காரணம் ஆகாது. கட்டைவிரல் படம் செல்லாது. இந்தச் சட்டங்களெல்லாம் அக்கா போட்டவை.

அக்காவின் காரணங்களைப் படிக்கவே நான் காத்திருப்பேன். எல்லாப் பாட்டையும் அவள் ஜாக்கெட்டாகத்தான் பார்ப்பாள். "கழுத்து நல்லா எறங்கிருக்கு, முதுகுல சுருக்கம்" என்பாள். வயலின்கள் அதிகமாகக் கேட்டால், "சரிகையை அள்ளி வச்சுத் தச்சிருக்காக, துணியக் காணோம்" என்பாள். அண்ணன் நேர் எதிர். எதற்கும் ஒன்பதுக்குக் கீழே அவருக்குக் கை போகாது. அக்கா ஒரு பாட்டுக்கு இரண்டு போட்டபோது, "பாடுனவரு அன்னிக்கிச் சாப்புடாம வந்திருப்பாரும்மா, ஒரு நாலாச்சும் குடுங்க" என்று குரல் செய்தி அனுப்பினார். பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷினின் இரைச்சல் கரகரவென்று கேட்டது.

நான் இடையில் நிற்பவள். ஆறு, ஏழு என்று போட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவேன். வேலை, வீடு, பஸ் என்று ஓடுகிற நாளில் அந்த மூன்று நான்கு வரிகள்தான் எனக்கென்று இருந்தவை. இன்று எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது, அதை இரண்டு பேர் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு சின்ன விஷயமில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்திருந்தாள். குழுவில் சத்தமில்லை. எழுந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்ததும் மார்க் போட வந்தாள். ஆனால் அந்த மார்க்குகள் விசித்திரமாக இருந்தன. நான் அனுப்பிய பாட்டுக்கு, "வெறும் தாளந்தான் ஓடுது. பாடுற அம்மா எங்கயோ தூரத்துல நிக்கிது" என்று எழுதினாள். எனக்கோ அந்த அம்மாளின் குரல் காதுக்குள் வந்து பேசுவதுபோல் இருந்தது. காய்ச்சல் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

பிறகு அண்ணன் ஒரு பழைய பாட்டை அனுப்பினார். கல்யாணமான புதிதில் தானும் மனைவியும் சேர்ந்து கேட்டது என்று சொல்லியிருந்தார். "முதல் சரணம் முடிஞ்சதும் ஒரு கொழலு வரும் பாருங்க, அதுக்காகவே பத்து" என்று அவரே முன்கூட்டி மார்க்கும் போட்டுவிட்டார். அக்காவின் பதில் மதியமே வந்தது.

"மூணு. இல்லாத கொழல இருக்குன்னு சொல்லி ஏமாத்தாதீங்க. அந்த எடத்துல மிருதங்கம் சும்மா தட்டிக்கிட்டு இருக்கு."

அண்ணன் பதில் எழுதவில்லை. அவர் முறை வந்த நாளில் பாட்டும் அனுப்பவில்லை. எனக்கு மனசு கேட்காமல் போன் செய்தேன்.

"கோவமாண்ணே?"

"கோவமெல்லாம் இல்ல தங்கச்சி. கொழலு இருக்கே. இல்லைங்கிறாகளே. எனக்குத்தான் இல்லாததெல்லாம் கேக்குதோன்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எங்க வீட்ல கேட்டா, அதுவும் இருக்குன்னுதான் சொல்லுது. அப்பறம் ஏன் அவுக அப்புடிச் சொல்றாக?"

நானும் கேட்டிருந்தேன். குழல் இருந்தது. மழைக்குப் பிந்திய காற்றுபோல் வந்து போகும் குழல்.

அடுத்த வாரம் அக்கா லைனிங் துணி எடுக்கப் புதுக்கோட்டைக்கு என்னோடு காலை பஸ்ஸில் வந்தாள். ஜன்னலோரம் அவள், வலது பக்கத்தில் நான். நான் பேசிய இரண்டு பேச்சுக்கு அவள் பதில் சொல்லவில்லை. பஸ் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனின் பாட்டைச் சேர்ந்து கேட்கலாம் என்று அவளுடைய இயர்போனையே வாங்கினேன். இடது பக்கத்தை அவள் தன் காதில் வைத்துக்கொண்டாள். வலது பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் சரணம் முடிந்தது. என் காதில் குழல் வந்தது. குழல் மட்டும் வந்தது. மிருதங்கம் இல்லை. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

"பாத்தியா, கொழலு எங்க இருக்கு?" என்றாள் அவள்.

அந்தக் காலத்துப் பாட்டுகளில் சில வாத்தியங்களை ஒரு பக்கமும் சிலவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பக்கத்தை எடுத்து அவளுடைய வலது காதில் வைத்தேன். இடது பக்கத்தைக் கழற்றினேன். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போடு புள்ள" என்றாள்.

"ஓடிக்கிட்டுத்தான்க்கா இருக்கு."

அவள் முகம் மாறியது. வலது காதைக் கையால் மூடினாள், எடுத்தாள், மறுபடி மூடினாள்.

"காய்ச்சல்லேருந்து இந்தப் பக்கம் அடச்சமாரி இருந்துச்சு. தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். எண்ணெ காய்ச்சி ஊத்துனேன். சரியாயிரும்னு இருந்தேன்."

"இவ்வளவு நாளா யார்ட்டயும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்றது? அளவு சொன்னா ரெண்டு தடவ கேக்க வேண்டியிருக்கு. செவிட்டு டெய்லருன்னு பேரு வச்சிருவாளுக."

அன்று துணிக்கடைக்குப் போகவில்லை. எங்கள் கடைக்குத் தெரிந்த காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது பக்கத்துக்கு அவள் விரல் துறுதுறுவென்று அழுத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் வந்ததும் பட்டன் மேலேயே விரல் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அதைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

காய்ச்சலோடு நரம்பு பாதித்திருக்கிறது, உடனே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம், இனித் திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். எங்கள் கடையில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அக்கா குழுவில் எழுதினாள்: "இனிமே நான் மார்க் போடல. பாதிப் பாட்டக் கேட்டுட்டு முழுப் பாட்டுக்கு மார்க் போடுறது நாயமில்ல." எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

அண்ணன் உடனே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "மூணு போட்டாகளேன்னு நான் மூஞ்சத் தூக்கிவச்சுக்கிட்டு இருந்தேனே தங்கச்சி" என்றார். பிறகு, "எனக்கு ஒண்ணு வெளங்கல. எங்க ஐஸ் கம்பெனில ஒத்த ஸ்பீக்கர்தான் கெடக்கு. அதுல கொழலும் வருது, மிருதங்கமும் வருது. ஒத்த ஸ்பீக்கர்ல எல்லாம் வந்தா ஒத்தக் காதுல ஏன் வராது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் போனின் செட்டிங்ஸைத் துருவினேன். பார்வைக் குறை, செவித்திறன் குறை உள்ளவர்களுக்கான பகுதி ஒன்று இருந்தது. அதற்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒரு வரி. இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் அனுப்பும் என்று விளக்கம் போட்டிருந்தது. இவ்வளவு நாளும் என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கடையில் யாருமில்லை, இருந்தும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். முகூர்த்த மாதம். மெஷினைச் சுற்றி ஜாக்கெட் துணி குவிந்திருந்தது. இயர்போனைக் காணோம். அவள் பாட்டில்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"போனக் குடுக்கா."

"எதுக்கு?"

"குடேன்."

அந்த மோனோ வரியைத் தேடி ஆன் செய்தேன். மேசை இழுப்பறையிலிருந்து இயர்போனை எடுத்து அவள் இடது காதில் வைத்தேன். அண்ணனின் குழல் பாட்டைப் போட்டேன். வேண்டாவெறுப்பாக மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். பல்லவி போயிற்று. சரணம் போயிற்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நின்றது.

"வந்துருச்சு" என்றாள்.

குழல் முடியும்வரை ஊசிக்குக் கீழே இருந்த துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. அப்படியே வழிய விட்டாள். பாட்டு முழுக்க முடிந்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்த அண்ணனுக்குப் போன் போடு" என்றாள். அதுவரை அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசியதே இல்லை.

"அண்ணே, கொழலு இருக்குண்ணே."

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா!" அவர் குரல் ஸ்பீக்கரில் உடைந்து வந்தது.

"ஆறு" என்றாள் அக்கா.

"என்னது?"

"கொழலுக்கு மட்டும்னா எட்டு போடலாம். ரெண்டாஞ் சரணத்துல பாட்டு தொங்குதுண்ணே. பொய் சொல்ல மாட்டேன்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்தது. அன்றே அக்காவை மறுபடி குழுவில் சேர்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். "முந்தி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல நிக்கும். இப்ப எல்லாம் சந்தையில நெருக்குனமாரி ஒரே எடத்துல நிக்கிது" என்று அக்கா சொன்னாள். ரோட்டில் வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவாள். வீட்டில் சொல்லிவிட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடமும், "இந்தப் பக்கம் வந்து சொல்லு, அது கேக்காது" என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறாள். யாரும் பேர் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அவள் காதுக்கு வரவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தை பிறந்ததும் அண்ணன் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். அறந்தாங்கியில் பஸ் மாறிக் கோட்டைப்பட்டினம் போய் இறங்கினோம். அக்கா அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "ஒம்பதுக்குக் கீழ போடாத ஆளுன்னா குண்டா இருப்பாருன்னு நெனச்சேன்" என்று என் காதில் சொன்னாள். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார்.

கூடத்தில் அண்ணன் வாங்க வாங்க என்று அக்காவின் வலப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றும் சொல்லாமல் கணவரின் தோளைத் தொட்டு எழுப்பி, நாற்காலியை எடுத்து இடப்பக்கம் போட்டுவிட்டு உள்ளே போனார். அக்கா தலை குனிந்து தண்ணீரைக் குடித்தாள்.

மீன் குழம்பும் பொரித்த மீனும் போட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவே அந்தக் குழல் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணியிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள் அக்கா.

"அந்தப் பாட்டா?" அவர் குழம்புக் கரண்டியோடு நின்றார். "எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதும்மா. கல்யாணமான புதுசுல இவரு போட்டுக்கிட்டே இருப்பாரு. மொகம் வாடிருமேன்னு நல்லாருக்குன்னு சொன்னேன். இத்தன வருசமா நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். "நெசமாவா?"

"நாலு" என்றார் அண்ணி. "நாலு போட்டுக்கங்க."

அன்றே குழுவில் நான்காவது ஆளாக அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

வெயில் தாழ்ந்தபோது கிளம்பினோம். கம்பெனி ஐஸில் வைத்துக் கட்டிய மீன் பொட்டலம் என் மடியில் இருந்தது. அறந்தாங்கியில் ஏறிய பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. டிரைவர் நிமிஷத்துக்கொரு தரம் ஹாரனை அழுத்தினார். பின் சீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. "தூக்கம் வருது" என்றாள் அக்கா. இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவாள் என்று நினைத்தேன். அவள் இடம் மாறி என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, கேட்கும் காதை என் தோளில் அழுந்த வைத்துச் சாய்ந்தாள். "இப்ப ஒண்ணுமே கேக்கல. இதுலயும் ஒரு சொகம் இருக்கு பாரு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தோள் அசையாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊர் வந்ததும் அக்கா என்று கூப்பிடாமல் கன்னத்தைத் தொட்டு எழுப்பினேன்.