கன்னியப்பன் அண்ணன் கேட்காத கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் டீ குடிக்கப் போனபோது போன் வந்தது. கன்னியப்பன் அண்ணனின் மகள். "சித்தப்பா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு." டீயை அப்படியே வைத்துவிட்டேன். பத்தாவதில் இரண்டு முறை தோற்ற என்னை நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பிழை இருந்தால் அண்ணனைப்போல் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஒரகடத்துக் கம்பெனி கேட்டுகள் எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம். வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" சொன்னதும், "உள்ளூரா? திருவிழா, சாவுன்னு லீவு போடுவீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் உள்ளே போவார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நான் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்பேன்.

மறைமலை நகரில் பிட்டராக இருந்த அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு, காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் சின்ன ஷெட் போட்டார். நான் போய் நின்றதும் ஊரைக் கேட்கவில்லை. "நாளைக்கு வர்றியா?" என்றார். போனேன். கரண்டுதான் வரவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏழு மாதம் அலைந்துதான் வாங்கினார். அதுவரை, மாலை போட்ட மெஷினைக் காட்டி, "பொண்ணு ரெடியா கீது, மாப்பிள்ளதான் வந்து சேரல" என்பார்.

பெரிய ஆர்டர் கொடுக்குமுன் கம்பெனியிலிருந்து ஷெட்டைப் பார்க்க வருவார்கள். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷெட்டில் வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் பதினாறு பேரும் பழையபடி ரோட்டோரம்தான். நாள் கேட்டு வந்த போனை எடுத்த புத்திசாலி நான். அவர்கள் சொன்ன தேதிக்கு, "தாராளமா வாங்க சார்" என்றேன். அன்று ஆடிக் கிருத்திகை.

"இன்னாடா பண்ணிட்ட! அன்னிக்கு எவன்டா வேலைக்கு வருவான்?" என்று தலையில் கைவைத்தார் அண்ணன்.

"மாத்தச் சொல்லிடலாமாண்ணே?"

"வேணாம். உள்ளூர்க்காரன் லீவு போடுவான்னு அவங்க சொல்றது நெஜமாயிடும். விடியறப்பவே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயி வேண்டுதலை முடிச்சிக்கினு எட்டு மணிக்கு மெஷின்ல நில்லுங்கடா."

நின்றோம். பதினொரு பேர் மொட்டை, நெற்றி கொள்ளாத சந்தனம். பெண்கள் ஐந்து பேரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். வந்த அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்து, "முடியை மறைக்கத் தொப்பி போடணுமே, எங்க?" என்றார். தொப்பி வாங்கிவைக்க வேண்டியவனும் நான்தான். மறந்துவிட்டிருந்தேன்.

அண்ணன் என் மொட்டையைத் தடவினார். "மறைக்க முடி எங்க சார் கீது?"

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் தொப்பிக்கு ஒரு குறை எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வருகைப் பதிவைப் புரட்டி, "கிருத்திகை அன்னிக்கு ஒருத்தர்கூட லீவு இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆர்டர் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் லோடை அனுப்பிவிட்டுத்தான் பதினாறு பேரும் மயானத்துக்குப் போனோம். லீவு விட்டிருந்தால் அண்ணன் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

ஆள் எடுக்கும் வேலை இப்போது என்னுடையது. நேற்று ஒரு பெண் வந்து, "அண்ணாச்சி, வேல இருக்கா?" என்றாள். தெற்கத்திப் பேச்சு. "எந்த ஊ..." என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"நாளைக்கு வர்றியாம்மா?"

"இப்பமே வாரேன் அண்ணாச்சி."

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். அவளிடம் தொப்பியையும் மறக்காமல் கொடுத்தேன்.