செல்லையன் சட்டையைக் கழற்றிய நாள்

நேற்று கோயில் வாசலில் காவல்காரன் மலையாளத்தில் "ஷர்ட் ஊரணும்" என்றான், சட்டையைக் கழற்றவேண்டுமாம். எண்பது வயதில் பொத்தான்களோடு மல்லுக்கட்டுவது லேசா? பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கழற்றிய சட்டையிலிருந்து கஞ்சிப்பசையும் வியர்வையும் கலந்த மணம் வந்தது. செல்லையன் நினைவு வந்துவிட்டது.

வாலிப வயதில், இதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகு மண்டியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் திருநெல்வேலிப் பிள்ளை. கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருவேன். செல்லையன் தெற்கே கல்குளத்துக்காரன். அவன் சாதியைக் கோயில் பக்கமே அண்ட விடமாட்டார்கள். அவனுக்குக் கடவுளும் கிடையாது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான் உண்டு. எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பான். "எனக்க அப்பன் தோளிலே துண்டு போட்டதுக்கு அடி வாங்கினாரு வோய்" என்பான்.

ஆனால் கோயிலை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி நடந்த கூட்டம் ஒன்றையும் விடமாட்டான். "சாமியே இல்லங்கீரு, அப்புறம் வாசலைத் திறக்கச் சொல்லி எதுக்குவே கத்துதீரு?" என்று சீண்டுவேன்.

"வேண்டாம்னு நான் சொல்லணும். காவல்காரன் சொல்லப்பிடாது."

நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வேன். "நீரு எதுக்கு வோய் கும்பிடுதீரு?" என்று அவனும் திருப்பிக் கேட்பான். தினமும் இதே வழக்குத்தான்.

ஒருநாள் ராஜாவின் உத்தரவு வந்து, எல்லாச் சாதிக்கும் வாசல் திறந்தது. சில நாட்களில் ஊரிலிருந்து அவன் அம்மை வந்துவிட்டாள். கண் பார்வை அநேகமாகப் போயிருந்தது. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ மக்களே. ஒரு தடவை பாத்துட்டா போரும்."

நானும் துணைக்குப் போனேன். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். எனக்குப் பழக்கம், அவனுக்கு அப்படியா? கழுத்துப் பொத்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டான். "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன். கிழவி மகன் கையை விடவில்லை. முகம் கறுத்துப்போய், ஒற்றைக் கையால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளோடு உள்ளே போனான். எனக்கு ஏனோ உள்ளே போகத் தோன்றவில்லை.

திரும்பி வந்தவனிடம் "தரிசனம் எப்படிவே?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் அப்படி.

"உள்ளே இருட்டு. அம்மைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா பாத்தேன், பாத்தேன்னு அழுதா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன் வோய்."

அதற்குப் பிறகு அவன் என்னோடு வழக்குப் பண்ணவில்லை. நான் வலியச் சீண்டினாலும் சிரித்துவிட்டு மூட்டையைப் பார்க்கப் போய்விடுவான். ஜெயித்துவிட்டேன் என்றுகூடக் கொஞ்சநாள் நினைத்திருந்தேன், முட்டாள்.

அம்மை போனாள், அவன் போனான், மண்டியும் போயிற்று. இப்போது கோயிலில் ஒரே தள்ளுமுள்ளு. நான் கும்பிடுகிறேன். எதற்கு வோய் என்று கேட்க ஒருவருமில்லை. அலுப்பாக இருக்கிறது.