காலைச் சளி யாருடையது?

2001 பிப்ரவரி. குஜராத் பூகம்ப நிதி உண்டியல்கள் புனேக் கடைகளில் இன்னும் இருந்தன. புனேயை ஒட்டிய நிக்டியில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளைச் சுற்றியிருந்த தொழிலாளர் குடிசைகளில் காசநோய் தேடும் வேலை எங்கள் சிறிய மருத்துவ நிலையத்துக்கு வந்தது. இப்போது அந்த மாடிகளில் கோயம்புத்தூர் ஐ.டி. பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

நான் லேப் டெக்னீஷியன். குடிசைகளில் பாதிப் பேர் விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். அதனால் சுகாதாரப் பணியாளர் சுனந்தா அக்காவுடன் தமிழ் தெரிந்த என்னையும் அனுப்பினார்கள். நெடுநாள் இருமுகிறவர்களிடம் வேலைத்தளத்திலேயே ஒரு டப்பாவில் சளி வாங்குவோம். மறுநாள் விடியற்காலைச் சளிக்கு இன்னொரு டப்பா கொடுப்போம்.

கம்பி கட்டும் முருகேசனின் முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. காலை ஸ்லைடிலோ நீலத்தின்மேல் காசநோய்க் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாய் அப்பிக் கிடந்தன. சாயம் ஏற்றியதில் தவறோ என்று இன்னொன்று போட்டேன். அதே. ஒரே இரவில் இப்படி மாறாது. மாலையில் இருவரும் அவர் குடிசைக்குப் போனோம்.

"காலையில நீங்கதான துப்புனீங்க?"

முருகேசன் மனைவியைப் பார்த்தார். லட்சுமி இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஸ்லாப் போடுறாங்கன்னு இருட்டோட ஓடிட்டாரு சார். டப்பா காலியா வந்தா திட்டுவீங்கன்னு நானே துப்பிக் குடுத்துட்டேன். ஒரே சட்டி சோறுதான திங்கிறோம்!"

நான் இந்தியில் சொன்னதும் சுனந்தா அக்கா தலையில் கைவைத்தார். "அரே தேவா! புருஷனுக்கு ரேஷன் வாங்குற மாதிரியில்ல செஞ்சிருக்கா!"

"உங்களுக்கு எத்தனை நாளா இருமல்?" என்று லட்சுமியைக் கேட்டேன்.

"சிமெண்டுத் தூசி சார். இங்க யாருக்கு இல்ல?"

வேலைத்தளத்தில் வரிசையில் நின்ற ஆண்களை மட்டுமே நாங்கள் கேட்டிருந்தோம்.

விஷயம் புரிந்ததும் முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "எம்பேருலயே இருக்கட்டும் சார். மாத்திரைய அவ முழுங்கட்டும். எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா, புள்ளையப் புடுங்கிக்கிட்டு இவள அப்பன் வீட்டுக்குத் தொரத்திடும்."

லட்சுமி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

பெயரை மாற்ற முடியாது. அவள் எடையும் அவள் உடல்நிலையும் பார்த்துத் தரவேண்டிய மருந்து. சுனந்தா அக்கா யோசித்துவிட்டு, "பேரு அவளோடதுதான். ஆனா மாத்திரை குடிசைக்கு வராது. பால்வாடிக்குக் குழந்தையத் தூக்கிட்டு வரட்டும், என் கண் முன்னாடி முழுங்கட்டும். ஊருக்கு யாரு தந்தி அடிக்கப்போறா?" என்றார்.

வாரம் மும்முறை லட்சுமி வந்தாள். மாத்திரை குமட்டியது, திட்டிக்கொண்டே விழுங்கினாள். குழந்தையையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தொடங்கினோம். முருகேசனுக்குத் திரும்பப் பார்த்ததில் நோய் இல்லை.

மழைக்காலம் முடியும் முன், என் எதிரிலேயே துப்பிய அவளது கடைசிச் சளியில் வெறும் நீலம்தான்.

"அப்ப மாமியா கூப்புடுற தீவாளிக்கு ஊருக்குப் போவலாமா சார்?"

"தாராளமா போங்க. புள்ளையத் தூக்கிட்டே போங்க."

அதற்குப் பிறகு 'யாருக்கு இருமல்?' என்று வேலைத்தளத்தில் கேட்பதை விட்டோம். குடிசை வாசலில் நின்று, 'உள்ள யாரு யாரு படுக்குறீங்க?' என்று தொடங்கினோம். டப்பாக்கள் சீக்கிரம் தீர்ந்தன. முன்பு கண்ணில் படாத நோயாளிகள் கிடைத்தார்கள். அவர்களில் பலர் பெண்கள்.