அப்பா கவிதை பேசிய ஒன்பது நிமிடங்கள்

அப்பாவின் பெட்டியில் மூன்று சிவப்பு ஒயர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் முழ நீளம், இரண்டு முனையிலும் கிளிப். வேலை முடிந்து பெட்டியை மூடும் முன் அவற்றை விரலால் தொட்டு எண்ணுவார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஸ்பேனர் தொலைந்தால் தன்னையே திட்டிக்கொண்டு வேறு வாங்குவார். ஒயர் குறைந்தால் மட்டும் இடத்தைவிட்டு நகர மாட்டார்.

ஒரு கட்டடத்தில் எத்தனை தளமோ அத்தனை லிஃப்ட் கதவுகள். எல்லாக் கதவின் பூட்டும் விழுந்தால்தான் மின்சாரம் சுற்றி வந்து லிஃப்டை நகர விடும். கோளாறு எந்தப் பூட்டில் என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் அந்தச் சுற்றின் குறுக்கே இப்படி ஒரு சிவப்பு ஒயரைப் போட்டுப் பார்ப்பார். அதற்கு ஜம்பர் என்று பெயர். அது இருக்கும்வரை, கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் தன் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடும். திறந்த கதவுக்குள் கால் வைப்பவருக்குக் கீழே பள்ளம்தான்.

ஐம்பத்தைந்து வயதில் அப்பா மாலைக் கல்லூரியில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தாச்சு பாப்பா. கொஞ்சம் பக்கவாட்டுல போய்ப் பார்க்கலாம்னுதான்."

"பேரன் எடுக்கற வயசுல பேனா எடுத்திருக்கார்" என்றாள் அம்மா. அதில் பாதி எனக்கு விழுந்த அடி. எனக்கு அப்போது முப்பத்திரண்டு, திருமணம் ஆகவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் இருபது வயது. அப்பாவுக்கு அங்கே 'லிஃப்ட் அங்கிள்' என்று பெயர். டீச்சர் என்னைவிடச் சின்னவள். முதல் வருடம் கதை, கட்டுரை என்று சமாளித்துவிட்டார். இரண்டாம் வருடம் நவீன கவிதை வந்தது. அங்கே மாட்டிக்கொண்டார்.

அவருடைய வகுப்பு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியேதான் கவிதைக்கும் எழுதியிருக்கிறார். "புகார்: அர்த்தம் பிடிபடவில்லை. சோதித்தது: ஐந்து முறை. கண்டது: சத்தம் இல்லாமல் ஓடுகிறது. எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். விட்ட இடம் தெரிகிறது. விட்டது தெரியவில்லை." இன்னொரு பக்கத்தில்: "நம் வேலையில் எல்லாத் தொடர்பும் சேர்ந்தால்தான் ஓடும். இங்கே ஒன்றை எடுத்துவிட்டால்தான் ஓடுகிறது. இது எப்படி நல்லதாகும்?"

ஒவ்வொருவரும் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் வகுப்பில் பேச வேண்டும். முதல் தடவை அப்பா காகிதத்தோடு எழுந்து நின்றார். ஒரு நிமிடம் நின்றார். "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள்: மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி, முதல் ஆள். அதுவும் போனால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அவர் எடுத்தது சின்னக் கவிதை. கதவு வருகிறது என்பதற்காகவே எடுத்ததாகச் சொன்னார்.

கதவை மூடிவிட்டேன் என்கிறேன்.
மூடியாயிற்று என்கிறாய் நீயும்.
கூடத்தில் காற்று
நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று வாரமும் அதே பேச்சுதான். எனக்குப் போன் செய்து பேசிப் பார்த்தார். குளியலறையில் பேசினார். "சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுக் கிளம்புறார். கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்" என்று அம்மா சொன்னாள். நான் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை தேதியிட்டு நோட்டில் இருப்பதைப் பிறகுதான் படித்தேன்: "டார்ச்சை லிஃப்ட் கூரைமேல் விட்டு வந்துவிட்டேன். திரும்பப் போய் எடுத்தேன். வேலை நேரத்தில் வரிகள் வருகின்றன. நிறுத்த வேண்டும்."

வியாழன் மாலை நாலு நாற்பதுக்குப் போன் வந்தது.

"பாப்பா, ரெண்டுதான் இருக்கு."

என்ன ரெண்டு என்று நான் கேட்கவில்லை.

"வண்டியில பார்த்தீங்களா? பாக்கெட்ல?"

"எல்லாம் பார்த்துட்டேன். காலையில நாலு இடம். நாலுலயும் கதவு செக் பண்ணேன். மூடும்போது எண்ணுனேனான்னு ஞாபகம் வரல. வாய் அந்தக் கவிதையச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

கல்லூரி வாசலில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். குறிப்புக் காகிதத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார். எனக்குச் சொல்வதற்கு முன்பே மூன்று இடங்களுக்குப் போன் செய்து லிஃப்டை அணைக்கச் சொல்லிவிட்டார். வங்கியிலும் மருத்துவமனையிலும் உடனே அணைத்துவிட்டார்கள். ஜவுளிக்கடை வாட்ச்மேன் தயங்கினானாம். "கூட்டம் சார். இத நிறுத்தினா முதலாளி என்னை நிறுத்திடுவார்." "என் பேரைச் சொல்லு. என்னை நிறுத்தட்டும்" என்றாராம் அப்பா.

நாலாவது, ஆறு மாடிக் குடியிருப்பு. அங்கே வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை.

"நான் நேர்ல போய்டறேன். இருபது நிமிஷம்தான்."

"வகுப்பு?"

"போகட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

வார்த்தை போகட்டும் என்றது. குரல் அப்படிச் சொல்லவில்லை.

எந்திரங்கள் எத்தனை தடவைக்கு ஒரு தடவை தவறும் என்று கணக்கிடுவது என் தொழில். வேறு ஊரில், ரயில் சிக்னல் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன, சாயங்காலத்தில் மணிக்கு எத்தனை ஓட்டம் என்று கேட்டேன். பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். பூட்டுகள் போன மாதம்தான் மாற்றியவை. மணிக்கு நாற்பது ஓட்டத்துக்குள்.

"லட்சத்துல ஒண்ணுகூட இல்லப்பா. நீங்கதானே முதல் ஆள்? பதினஞ்சு நிமிஷம். பேசிட்டுப் போங்க. வாட்ச்மேன் நம்பரை அனுப்புங்க, நான் விடாம அடிக்கிறேன்."

"கணக்குப் போட்டுத்தான் சொல்றியா?"

"ஆமாப்பா."

"சரி. நீ சொன்னா சரி."

அப்போது மணி நாலு ஐம்பத்திரண்டு. நான் வாட்ச்மேனுக்குப் பத்தொன்பது தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா பேசியதை முன்வரிசைப் பையன் ஒருவன் போனில் பதிவு செய்திருந்தான். ஒரு வாரம் கழித்து எனக்கு அனுப்பினான். அப்பாவின் குரலில் நடுக்கம் இல்லை. அவசரம் இருந்தது.

"இது புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச கதைன்னு போன வாரம் சொன்னீங்க. எனக்கு அப்படித் தோணல. ரெண்டு பேரும் பொய் சொல்லல. பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்றாங்க. கதவை யாரும் போய்ப் பார்க்கல."

பிறகு அவர் வேலையைப் பற்றி, சுற்றைப் பற்றி, சொல்லாமல் விட்டதைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் ஒருவன் கேட்கிறான். "அங்கிள், அப்ப அந்தக் காத்து யாரு?" சிரிப்பு.

"காத்து காத்துதான் தம்பி. கதவு திறந்திருக்கறது அதுக்கு மட்டும்தான் தெரியும்."

சிரிப்பு நிற்கிறது. பிறகு அப்பா சொல்கிறார்: "டீச்சர், நான் கிளம்பணும். ஒரு கதவைப் பார்க்கணும்."

வகுப்பு கைதட்டியது. அதுவும் பேச்சின் ஒரு பகுதி, அருமையான முடிவு என்று நினைத்துவிட்டார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள். கைதட்டலுக்கு நடுவே ஒரு நாற்காலி நகரும் சத்தம். பதிவு ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. கால் மணி நேரத்தை அவர் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தரைக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். வாட்ச்மேன் கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தான். போன் அவன் அறையில் சார்ஜில் கிடந்தது.

"சாவியக் குடு. நீ இந்தக் கதவு முன்னாடி நில்லு. யாரையும் ஏற விடாத" என்றாராம்.

"லிஃப்ட்லயே போங்க சார். நல்லாத்தான ஓடுது."

கீழே ஒரு கதவைத்தான் வாட்ச்மேன் பார்த்துக்கொள்ள முடியும். மேலே இன்னும் ஆறு கதவுகள். மெயின் சுவிட்ச் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. படியில் ஓடினார். "நடக்கல மேடம். ஓடினார். நான் பார்த்தேன்" என்று வாட்ச்மேன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.

ஐந்து முப்பத்தேழுக்கு லிஃப்ட் நின்றது. நாலாம் மாடிக்காரர் ஒருவர் மெக்கானிக்கைத் திட்டுவதற்காக மொட்டைமாடிவரை ஏறிப் போனார். அவர்தான் அப்பாவைப் பார்த்தவர். பேனலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். பேனல் மூடியின் நாலு திருகில் மூன்றைப் போட்டிருந்தார். உள்ளே மாட்டியிருந்த ஒயரை எடுத்துச் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து அங்கே போனேன். லிஃப்டின் கணினியில் ஓட்டங்களின் பதிவு இருக்கும். கதவைப் பற்றி அது சொல்வதை நம்ப முடியாது. ஒயர் இருந்தவரை எல்லாக் கதவும் மூடியதாகத்தான் அது எழுதியிருக்கும். ஓட்டத்தை நம்பலாம். நான் 'ஆமாப்பா' என்று சொன்னதிலிருந்து லிஃப்ட் நின்றதுவரை இருபத்தாறு ஓட்டம். இருபத்தாறு தடவையும் யாரோ ஏறி, இறங்கி, வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். என் கணக்கில் கதவு இருந்தது, ஓட்டம் இருந்தது, நிமிடம் இருந்தது. படி இல்லை. அப்பா இல்லை.

அம்மாவுக்கு அந்தப் போன் பேச்சு தெரியாது. அப்பாவே முடிவெடுத்து வகுப்புக்குப் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன். முப்பது நாள் அப்படிப் போனது.

நேற்று அவள் அப்பாவின் நோட்டைப் பழைய பேப்பர்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கவிதை பெரிசாப் போச்சு அந்த மனுஷனுக்கு. முன்னாடியே கிளம்பியிருந்தா நிதானமா ஏறியிருப்பார்."

"அம்மா, அவர் கிளம்பத்தான் இருந்தார். நான்தான் இருந்து பேசிட்டுப் போகச் சொன்னேன். ஒண்ணும் ஆகாதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னேன்."

கயிற்றைப் பிடித்த கை நின்றது.

"சரியா வந்துச்சா உன் கணக்கு?"

"வந்துச்சும்மா."

பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து நோட்டை உருவி என் மடியில் வைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள்.