ஜன்னலோர மேஜை

வெளியே எங்கே சாப்பிட்டாலும் அவர் கை சும்மா இருக்காது. கடைசி வாய் உள்ளே போனதும் மேஜையில் இருக்கிற தட்டுகளை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மிச்சத்தை ஒரே தட்டில் வழித்துச் சேர்ப்பார். பெரிய தட்டு அடியில், சின்னது மேலே, கரண்டிகள் உச்சியில் ஒரே திசை பார்த்து. டம்ளரை மட்டும் தட்டின் மேல் ஏற்றமாட்டார். தனியே ஓரமாக நகர்த்தி வைப்பார். பிறகு உள்ளங்கையின் விளிம்பால் மேஜையை ஒரு இழுப்பு. இருபத்தைந்து வருடமாக அவர் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு கழுவுவது அவர் வேலை. ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு. இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு கரண்டி மாட்டிக்கொண்டால் போதும், அடுக்கு சாய்ந்து மொத்தமும் கீழே வந்துவிடும். ஒருமுறை யாரோ தட்டுக்குள் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது. தெரியாமல் நுரைக்குள் கையை விட்டார். கட்டைவிரலுக்கு அடியில் ஏழு தையல். அதிலிருந்து, உள்ளே நின்று கழுவப்போகிறவனை நினைக்காமல் எந்த மேஜையிலிருந்தும் அவர் எழுந்ததில்லை. வேலை இடத்தில் அவருக்குப் பெயரே ‘அடுக்கு’.

அவள் திரைச்சீலைக் கடையில் ஓரம் அடிக்கிறவள். வாய் அதிகம் இல்லாதவள். வாய் இல்லாதவர்களுக்குக் கண் அதிகம். யார் தன்னைப் பார்க்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். உறவில் ஒரு கல்யாண விருந்தில் அவர் பந்தி மொத்தத்தின் தட்டையும் அடுக்க ஆரம்பித்தபோது, அவளுடைய அண்ணி எதிரே இருந்து கேட்டாள்.

“என்னம்மா, உன் வீட்டுக்காரருக்கு இங்கயும் டியூட்டி போட்டுட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், தப்பித்துக்கொள்வதற்காக. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுக்கினார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி வருடக்கணக்கில் இருந்தது.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பெரிய மகள் இரண்டு நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். தெரியாத ஊர், நகரத்தின் நடுவிலேயே அறை. ஒரு தடவையாவது நீங்கள் இரண்டு பேரும் உட்கார, வேறு யாராவது பரிமாற, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி, மூன்று உணவகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

முதல் நாள் மத்தியானமே மூன்றையும் வெளியில் நின்று பார்த்துவிட்டார்கள். ஒன்றில் காதைக் கிழிக்கிற பாட்டு. இன்னொன்றுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி. மூன்றாவது, மையத் தெருவின் முனையில், பழைய கட்டடத்தின் தரைத்தளம். மஞ்சள் விளக்கு, வெள்ளை விரிப்பு. அவர் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து உள்ளே பார்த்தார்.

“தட்டப் பாத்தியா? விளிம்பு எவ்ளோ அகலம். நல்ல கனம் இருக்கும். இந்த மாதிரி ஒண்ணுல ஒரு தடவை சாப்பிடணும்மா. கழுவித்தான் பழக்கம்.”

அவர் ஆசை என்று எதையும் வாய்விட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. சரி, இதுவே என்று முடிவானது.

சாயங்காலம் சட்டையை இரண்டு முறை நீவிவிட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் அவள் பாதி விளையாட்டாகச் சொன்னாள்.

“ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் எதையும் அடுக்காதீங்க.”

“அடுக்கலம்மா. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், போதுமா?”

வாசலில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. நீதான் நல்லா உடுத்தியிருக்கே, என் செருப்பைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவான், நீ போய் இடம் இருக்கிறதா என்று கேள் என்றார். அவள் போனாள். முகப்பில் நோட்டுடன் நின்ற பெண் சிரித்து, ஜன்னலோரம் இரண்டு பேருக்கு ஒரு மேஜை இருக்கிறது என்றாள். அவள் தலையாட்டினாள். அப்போதுதான் பக்கத்து மேஜையில் பரிமாறுகிறவர் தட்டுகளை எடுப்பதைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், கையில் மடித்த துணியுடன். சாப்பிட்டவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்த வெள்ளை விரிப்பில் அவர் உள்ளங்கை ஒரு இழுப்பு இழுப்பதை அவள் மனசு பார்த்தது. அண்ணியின் குரல் காதில் விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதாக அவர் சொன்னார்தான். அவர் கையை அவளுக்குத் தெரியாதா?

அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

“இடம் இல்லையாம்.”

“நல்ல கடைன்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் அவர். முகம் ஒரு நொடி வாடி, உடனே தேறியது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நாமே தட்டை ஏந்திப் போய் வாங்கிச் சாப்பிடுகிற கடையில் சாப்பிட்டார்கள். முடித்ததும் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுக்கினார். மேஜை துடைக்க வந்த பெண் அந்த அடுக்கைப் பார்த்து நின்றுவிட்டாள். “எந்தச் சமையலறைண்ணே? உங்கள மாதிரி பத்து பேரு வந்தா என் முதுகுவலி போயிரும்” என்றாள். அவர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னபோது ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி இருந்தார்.

திரும்பும்போது அதே தெருமுனை. கண்ணாடிக்கு உள்ளே பாதி மேஜை காலி. ஜன்னலோரத்து மேஜையில் காலித் தட்டுகளுக்கு நடுவே, இடம் ஒதுக்கியிருப்பதாக ஒரு சின்ன அட்டை நின்றது. அவர் நின்றார். நாளைக்குச் சாயங்காலம்தானே வண்டி, மத்தியானத்துக்குச் சொல்லி வைத்துவிட்டு வருகிறேன் என்றார். விடுங்க, எதுக்கு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

அவள் வெளியிலேயே நின்றாள். கதவுக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. உள்ளே பார்க்கப் பயந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. நோட்டுக்காரப் பெண் ஜன்னல் மேஜையைக் காட்டினாள். பேனாவால் நோட்டைத் தட்டினாள். கண்ணாடி வழியாக, வெளியே நின்ற அவளைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் மெதுவாக, இரண்டு முறை தலையாட்டினார். வரும் வழியில் ஜன்னல் மேஜையருகே நின்று, தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

வெளியே வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நாளைக்கு லீவாம்.”

எப்போதும் போல வண்டிகள் வருகிற பக்கம் தான் நடந்து, அவளை உள்பக்கம் விட்டுக் கூட்டிப்போனார். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அறைக்குப் போய்ச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். அங்கே அவர் சட்டையைக் கசங்காமல் மடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் சொல்லலாம் என்று நினைத்தாள். வண்டியில் எதிரே ஆட்கள் இருந்தார்கள்.

வீட்டில் மகள் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டாள். அவள் திக்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“தட்டு நல்ல கனம்மா” என்றார்.

அவள் அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்கு முறை வெளியே சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் அவர் இன்னும் அடுக்குகிறார். ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் ‘அடுக்கு’தான். வெளியே மட்டும், கடைசி வாய் உள்ளே போனதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறார். தட்டுகள் அவரவர் வைத்த இடத்தில், கரண்டிகள் விழுந்தபடி கிடக்கின்றன. அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.