மன்னிப்பில் தொடங்கிய மழைத் தொழுகை

“காரும் ஏசியும் ஓட்டி சூட்டைக் கிளப்பினது நாம. இப்போ அல்லாஹ்கிட்ட போய் மழை கேக்கறதா? எனக்கு வெக்கமா இருக்கு சாச்சி!”

போன மாதம் தருமபுரி வந்திருந்த சபீனா இப்படித்தான் சண்டைக்கு வந்தாள். என் கணவரின் அண்ணன் மகள். பிறந்தது, படித்தது எல்லாம் டொரண்டோவில். மறுநாள் காலை ஈத்கா மைதானத்தில் மழைத் தொழுகை. வரமாட்டேன் என்றவளை, “சும்மா கூட வாடி” என்று இழுத்துப் போனேன்.

பெண்கள் பகுதியில் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தவர் ஜைத்தூன். கணவரோடு மாந்தோப்பு குத்தகை எடுப்பவர்.

“இந்த வருசம் பூவெல்லாம் வெயில்ல கருகிப் போச்சு… நீ எந்த ஊரும்மா?”

சபீனா விழித்தாள். இந்தக் கேள்வியே அவளுக்கு ஆகாது. அங்கே டொரண்டோ என்றால், ‘அது சரி, நிஜமா எந்த ஊர்?’ என்பார்களாம். இங்கே தருமபுரி என்றால், அவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பாவம், எதைத்தான் சொல்வாள்?

“கனடா…” என்றாள்.

“அங்க நல்ல மழை இருக்குமே?”

“காடு பத்தி எரியுதுங்க. போன கோடையில ஒரே புகை. அம்மாவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.”

அதற்குள் மைக்கில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தின் குரல்:

“மழை கேக்கறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேளுங்க. பூமி, அல்லாஹ் நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம். தண்ணியை வீணாக்கினோம், மரத்தை வெட்டினோம்… ஒழுங்காவா வச்சிருக்கோம்?”

சபீனா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் சொன்னதும் இதைத்தானே?

கையேந்தும் நேரம். ஜைத்தூன் அவள் பக்கம் சாய்ந்தார்.

“உங்க ஊருக்கும் சேத்தே கேக்கறேன் கண்ணு. அம்மா பேரு என்ன?”

பெயரைச் சொல்லும்போதே சபீனா உடைந்து அழுதுவிட்டாள். எல்லோரும் எழுந்த பிறகும் ஏந்திய கையை அவள் இறக்கவில்லை.

புவி சூடாவது பற்றிய கூட்டங்கள் பலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் குற்றவாளி வேறு யாரோ! ‘நாங்கள்தான் செய்தோம்’ என்று தொடங்கிய ஒரே கூட்டம் இதுதான்.

மழை வந்ததா? வந்தது — தூறலாக. தோப்புக்குப் போதவில்லை. ஜைத்தூன் வீட்டில் இந்த வருடம் பாதி விளைச்சல்தான்.

சபீனா ஊர் திரும்பிவிட்டாள். ஆனால் வாட்ஸ்அப்பில் அவளும் ஜைத்தூனும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். அங்கே புகையா என்று இவர்… இங்கே மழையா என்று அவள்…

இரண்டு பேருமே ‘நம்ம ஊரு’ என்றுதான் சொல்கிறார்கள். எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை!